பெயர் போடாத அந்தக் கடிதம்

கேள்வி: பொய்ச் செய்தியே வாட்ஸ்அப் கொண்டுவந்த வியாதிதானே ஐயா? நீங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் இருந்த காலத்தில், அச்சில் வந்தால் உண்மை என்று நம்பினோமே!
(வாசகி ஒருவர், மன்னார்குடி)

பதில்: நம்பினீர்கள் அம்மா. அந்த நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

1983 ஜூலையில், டெல்லியின் 'பேட்ரியாட்' ஆங்கில நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 'பிரபல அமெரிக்க விஞ்ஞானி, மானுடவியலாளர்' என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸை அமெரிக்க ராணுவமே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது என்றது கடிதம். அதைச் செருகியது சோவியத் உளவுத்துறையான கேஜிபி. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லித்தெரத்தூர்னயா கஸியெத்தா' பத்திரிகை அதே கதையை எழுதியது. ஆதாரம் என்ன? இந்தியப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறதாம்! 1987 மார்ச்சில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி மாலைச் செய்தியில், சோவியத் ராணுவ இதழ் ஒன்று இப்படிச் சொல்கிறது என்று வாசித்தார்கள். 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் உண்மையை ஒப்புக்கொள்வதற்குள் கதை எத்தனையோ நாடுகளைச் சுற்றிவிட்டது.

அந்த சோவியத் ராணுவ இதழ் அப்படிச் சொன்னது நிஜம். ஆகவே சிபிஎஸ் வாசித்த வாக்கியத்தில் பிழை கிடையாது. ஓட்டையே அங்கேதான் இருக்கிறது. 'இன்னார் சொன்னார்' என்று போட்டுவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரமே பழகிவிடுவோம். சொன்னது சரியா என்று பார்க்க நேரம் இருக்காது. எடிஷன் போயாக வேண்டும். மறுப்பு வந்தால் கடைசிப் பத்தியில் சேர்ப்போம், தலைப்பு குற்றச்சாட்டுக்குத்தான். நானும் எத்தனையோ இரவு 'எனக் கூறப்படுகிறது' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கூறியது யார் என்று செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியை மறுபடி புரட்டவில்லை. இன்றும் அது மனசை அரிக்கிறது.

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. சில இந்தி ஊடகங்கள் சரிபார்க்காமல் அதைச் செய்தியாக்கின. பேப்பரிலேயே வந்துவிட்டது என்றால் ஊரில் இருக்கும் பெற்றோர் எப்படி நம்பாமல் இருப்பார்கள்? அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி மறுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்தார்கள். அதற்குள் பயந்துபோய் ரயிலேறியவர்களும் உண்டு.