கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 1998-ஆம் ஆண்டு மாருதி 800. பேட்டரியைச் சென்ற ஆண்டுதான் மாற்றினேன். சில வாரங்களாக, ஏற்காட்டிலிருந்து இரவில் இறங்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. பேட்டரி விளக்கும் லேசாக எரிகிறது. மறுநாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பகலில் சேலத்துக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
(வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் பொருந்தும், அதைச் சுற்றும் பெல்ட் தளர்ந்தாலும் பொருந்தும், பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தைக் காரின் உலோக உடலோடு இணைக்கும் எர்த் வயர் பச்சை பூத்தாலும் பொருந்தும். எது என்று சொல்ல, வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அளந்து பார்க்காமல் பாகம் மாற்றுவது வீண் செலவு.

முதலில் பேட்டரியை வெளியே கொடுத்து முழுமையாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பாதி இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா விட்டபின் 12.6 வோல்ட் அளவில் நின்றால் பேட்டரி பெரும்பாலும் நலம். அதன்பின் எஞ்சினைக் கிளப்பி, ஐடிலிங்கைவிடச் சற்று வேகம் கொடுத்து அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் காரில் இந்தச் சோதனை சரியாகவே வந்துவிடக்கூடும். பகலில் குறை தெரிவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே குறை வரும் நிலையில் வைத்தே காரைச் சோதிக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல், இரண்டாம் கியரில் ஏறி முடிக்கும்போது எஞ்சின் அறை முழுவதும் சூடேறியிருக்கும். ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பாகத்துக்கு உரசியபடி மின்சாரம் கடத்தும் கார்பன் தேய்ந்திருந்தாலும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு பலவீனமாக இருந்தாலும், அவை அந்தச் சூட்டில்தான் தம் குணத்தைக் காட்டும். மேலே போய் நிறுத்தியவுடன், எஞ்சினை அணைக்காமல், ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றையும் போட்டு மீண்டும் அளந்து பாருங்கள். சற்று வேகம் கொடுத்தும் 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறை உறுதி.

அது எங்கே இருக்கிறது என்பதை அடுத்த இரண்டு அளவுகள் சொல்லிவிடும். விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் இணையும் போல்ட்டிலும், மற்றதைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். மாட்டியிருக்கும் கிளாம்ப்பின் மேல் வைக்காமல், அதன் நடுவே தெரியும் ஈயத் தண்டின் மேலேயே முனை பட வேண்டும். கிளாம்ப்புக்கும் தண்டுக்கும் இடையில்தான் பல நேரங்களில் கோளாறே ஒளிந்திருக்கும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் தண்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது. இருந்தால், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். மேலே இறுக்கமாகத் தெரியும் போல்ட்டுக்கு அடியில் துருவும் பச்சைப் பொடியும் படிந்திருப்பது இத்தனை வயதான காரில் சகஜம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினாலே பல கார்கள் சரியாகிவிடுகின்றன.

வயர்கள் நலமாக இருந்தால் பெல்ட்டைப் பாருங்கள். உட்புறம் கண்ணாடி போல் பளபளத்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். பனிமூட்டத்தில் நனைந்து, விளக்குகளின் சுமையும் சேரும்போது அது வழுக்கும். இதையும் கடந்த பிறகே ஆல்டர்னேட்டரின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். அப்போதும் முழு அலகை வாங்க வேண்டியதில்லை. கார்பன், ரெகுலேட்டர், டயோடு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றித்தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சேலத்தில் இருக்கிறார்கள். இரவு முழுவதும் நிறுத்தியிருந்த காரில் காலையில் ஆல்டர்னேட்டரின் உடல் வெதுவெதுப்பாக இருந்தால், பழுதான டயோடு வழியே பேட்டரி வடிந்துகொண்டிருக்கிறது.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. மலைப்பாதைக்காக 100/90 வாட் பல்புகள் போட்டிருக்கிறீர்களா? ஹை பீமில் அவை இரண்டும் மட்டுமே சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். ஐடிலிங்கில் ஓடும் சிறிய ஆல்டர்னேட்டரால் அதைத் தாங்க முடியாது. பழைய சுவிட்சும் வயரும் சூடாகி உருகவும் கூடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கும் வழக்கம் இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்கும் என்பதே முதல் ஆபத்து. ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றுவதால் விளக்கு மங்கும். இரண்டாம் கியரில் இறங்கினால் இரண்டும் தீரும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம் நல்ல டயோடையும் ரெகுலேட்டரையும் கெடுத்துவிடும்.

கேள்வி: டைனமோ பொருத்திய பழைய அம்பாசிடர் வைத்திருக்கிறேன். ஐடிலிங்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. வேகம் கொடுத்தால் அணைகிறது. இது கோளாறா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: இல்லை. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய வகையான டைனமோ குறைந்த வேகத்தில் போதிய மின்சாரம் தராது. கட்-அவுட் என்ற தானியங்கி சுவிட்ச் அப்போது பேட்டரியைத் துண்டித்து வைக்கும். வேகம் கொடுத்தும் விளக்கு அணையாவிட்டால் கார்பன், அது உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டர், ரெகுலேட்டர் பெட்டியின் முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஆல்டர்னேட்டருக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், உங்கள் காரில் எந்த முனை எர்த் செய்யப்பட்டிருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகளில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்வது உண்டு. அதைக் கவனிக்காமல் இணைத்தால் டயோடுகள் உடனே எரிந்துபோகும்.