மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் செடியிலிருந்துதானே வருகிறது? அந்த இலையையே கஷாயம் வைத்துக் குடித்தால் மலேரியா போகாதா?

அதை நம்பி இருக்க வேண்டாம். ஆர்ட்டிமிசியா ஆன்னுவா என்ற செடியின் இலையில் அந்த மருந்து இருப்பது உண்மைதான். (நம்மூர் மரிக்கொழுந்தும் அதே பேரினம். அதற்காக அதைக் காய்ச்சிவிடாதீர்கள்.)

சீனாவில் தூ யூயூ என்ற விஞ்ஞானியின் குழு இந்தச் செடியிலிருந்து முதலில் எடுத்த சாறுகள் ஒருமுறை வேலை செய்தன, மறுமுறை ஏமாற்றின. அப்புறம் தூ யூயூ, 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங்கின் குறிப்பைப் பார்த்தார்: ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி. கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லை! சூடுதான் கெடுக்கிறதோ என்று, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானில் சாறு எடுத்தார். 1971இல் அது எலிகளின் மலேரியாவை முழுசாகத் துடைத்தது. 2015இல் நோபல் பரிசு.

மலேரியா ஒட்டுண்ணி நம் இரத்தச் சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் வெளிவரும் இரும்பு, மருந்து மூலக்கூறிலுள்ள பெராக்சைடு பாலத்தை (இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் இணைப்பை) உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. தன் சாப்பாடே அதற்கு எமன்.

சரி, கஷாயத்தில் என்ன தப்பு? மருந்தின் அளவு செடிக்குச் செடி மாறும், தண்ணீரில் அது சரியாகக் கரையவும் கரையாது. அரைகுறை அளவு, எதிர்ப்புத்திறன் கொண்ட ஒட்டுண்ணிகள் பெருக வழிவிடும். மாத்திரையில்கூட ஆர்ட்டிமிசினின் வகை சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும் என்பதால், லூமெஃபான்ட்ரின் போன்ற நீடித்து நிற்கும் மருந்தோடு சேர்த்து 3 நாள் தருகிறார்கள். இலைத் தேநீரை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. குளிர்காய்ச்சல் வந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.