கேள்வி பதில்: கல் கட்டமும் தியானமும்

ஸ்படிக மாலையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, கற்களைக் கோலம்போல் அடுக்கி வைத்துத் தியானம் செய்யும் முறையைக் குறித்துப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ரங்கூனுக்குத் திரும்பியிருக்கும் என் மகள், பூஜை அறையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, வட்டங்கள் பின்னிய ஒரு படத்தை அதன்மேல் வைத்து, ஸ்படிகம், செவ்வந்திக்கல், ரோஸ் குவார்ட்ஸ் ஆகியவற்றை அதன் முனைகளில் அடுக்கித் தினமும் அரை மணி நேரம் தியானம் செய்கிறாள். இதற்குக் கிரிஸ்டல் கிரிட், அதாவது கல் கட்டம், என்று பெயராம். முன்பைவிட அவள் அமைதியாக இருக்கிறாள் என்பது உண்மை. ஆனால் இதைக் கற்றுக்கொடுத்தவர் இப்போது, சர்க்கரை நோயாளியான என் கணவருக்குத் தனியாக ஒரு கட்டம் அமைக்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு கற்கள் வேண்டும், திசை தவறினால் பலன் எதிராகப் போய்விடும், கட்டம் வேலை செய்யத் தொடங்கியதும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார். அந்தக் கற்களின் விலை எங்கள் வீட்டின் இரண்டு மாதச் செலவுக்குச் சமம். நான் என்ன செய்வது?
— ஒரு தாய், ரங்கூன்

பதில்: அம்மா, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் மாத்திரையில் ஒன்றைக்கூட, அரையைக்கூட, மருத்துவர் சொல்லாமல் குறைக்க வேண்டாம். சர்க்கரை கூடினால் உடனே வலிக்காது. வலிக்காமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் அரித்துக்கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்தியவர் சில வாரங்கள் நன்றாகவே நடமாடுவார். அந்த வாரங்களைக் காட்டித்தான் கல்லுக்குப் பெருமை தேடிக்கொள்வார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லைச் சாணை பிடித்தும் தரம் பார்த்தும் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தக் கல்லும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்காது. கல்லின் மேல் எனக்குள்ள அன்பு குறைவானதன்று. அந்த அன்பினாலேயே இதைச் சொல்கிறேன்.

திசை தவறினால் பலன் எதிராகும் என்ற அச்சத்தையும் இன்றே விட்டுவிடுங்கள். நம் கோயில் நவக்கிரக மேடையிலும் நவரத்தினப் பதிப்பிலும் நடுவில் சூரியன் அல்லது அவருக்குரிய மாணிக்கம். கிழக்கே சுக்கிரனுக்கு வைரம், தென்கிழக்கே சந்திரனுக்கு முத்து, தெற்கே செவ்வாய்க்குப் பவளம், தென்மேற்கே ராகுவுக்குக் கோமேதகம், மேற்கே சனிக்கு நீலம், வடமேற்கே கேதுவுக்கு வைடூரியம், வடக்கே குருவுக்குப் புஷ்பராகம், வடகிழக்கே புதனுக்கு மரகதம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி வாருங்கள். பர்மியர்கள் தத்தம் பிறந்த கிழமைக்குரிய இடத்தில் நின்று புத்தர் சிலைக்கு நீர் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஞாயிறு வடகிழக்கில் இருக்கிறது. திங்கள் கிழக்கில், செவ்வாய் தென்கிழக்கில், புதன் காலை தெற்கில், ராகுவுக்கு உரியதாகிய புதன் மாலை வடமேற்கில், வியாழன் மேற்கில், வெள்ளி வடக்கில், சனி தென்மேற்கில். பர்மிய முறையில் நடுவிடம் கேதுவுக்கு. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரே ஒரு கிரகம்கூட ஒரே திசையில் அமையவில்லை என்பது தெரியும். ஒரே ஊரில் இரண்டு பழைய மரபுகள் ஒன்பது கோள்களையும் வேறு வேறு இடங்களில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வழிபட்டு வருகின்றன; எந்த மரபினரும் அதனால் கெட்டுப்போகவில்லை. அப்படியிருக்க, நேற்று வந்த ஒரு கட்டத்தில் ஒரு கல் இரண்டு விரற்கடை தள்ளிப்போனால் தீங்கு வரும் என்று ஒருவர் உங்களை அச்சுறுத்துவதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

நேற்று வந்தது என்று எண்ணிப் பார்த்தே எழுதினேன். கற்களைக் கட்டமாக அடுக்கிக் குணம் தேடும் இந்த முறை, மேலைநாடுகளில் 1970களிலும் 1980களிலும் பரவிய புதுயுக ஆன்மிக இயக்கத்தின் கிளையாகும். நம்மிடம் சக்கர வழிபாடு பழமையானது. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் சக்கரங்களை விரிவாகப் பேசுகிறது. ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கிய நான்கு முக்கோணங்களும் கீழ்நோக்கிய ஐந்து முக்கோணங்களும் ஒன்றையொன்று வெட்டி 43 சிறு முக்கோணங்களை உண்டாக்குகின்றன. ஆனால் அவற்றின் உறுப்புகள் கோடும் எழுத்தும் மந்திரமும். நோய்க்கு ஒரு கல் என்று முனைதோறும் வைத்து விலை சொல்லும் வழக்கத்தை அவற்றோடு இணைத்துப் பேசுவது பொருந்தாது.

ஆயினும் உங்கள் மகளிடம் ‘இதை எடுத்து எறி’ என்று சொல்லிவிடாதீர்கள். அவள் பெற்றிருக்கும் அமைதி பொய்யன்று. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. 2001ஆம் ஆண்டு இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் தம் குழுவின் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். எண்பது பேரிடம் உண்மையான ஸ்படிகத்தையோ அதைப்போலவே செய்த போலியையோ கையில் கொடுத்துத் தியானிக்கச் செய்தனர். கையில் சிலிர்ப்பு, வெதுவெதுப்பு, மன நிறைவு என்று பலரும் சொன்னார்கள்; ஆனால் உண்மைக் கல்லை வைத்திருந்தவர்களுக்கும் போலியை வைத்திருந்தவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதை நான் அவநம்பிக்கையாகப் படிக்கவில்லை. அமர்ந்ததும் மூச்சைக் கவனித்ததும் கண்ணும் கையும் ஒன்றில் நிலைத்ததும் அவர்களுக்குப் பயன் தந்தன. அந்தப் பயனுக்கு விலையுயர்ந்த கல் தேவைப்படவில்லை.

அந்த வட்டப் படத்தை மேலைநாட்டவர் ‘வாழ்வின் மலர்’ என்கிறார்கள். உங்கள் மகளை மார்கழிக் காலை ஒன்றில் வாசலுக்கு அழைத்துச் சென்று, ‘5 புள்ளி, 3 வரை, ஊடுபுள்ளி’ வைக்கச் சொல்லுங்கள். நடுவரிசையில் ஐந்து, அதன் இருபுறமும் நந்நான்கு, அவற்றுக்கு அப்பால் மும்மூன்று; ஆகப் பத்தொன்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மையமாகக் கொண்டு, அடுத்த புள்ளியைத் தொடும் அளவில் ஒரு வட்டம் போட்டால், பத்தொன்பது வட்டங்கள் கொண்ட அந்த மலர் அப்படியே தரையில் விரியும். ‘3 புள்ளி, 2 வரை’ வைத்தால் ஏழு வட்டங்கள் கொண்ட அதன் விதை வடிவம் கிடைக்கும். விலைக்கு வாங்கிய படம் உங்கள் மாமியாரின் விரல் நுனியில் எப்போதும் இருந்ததுதான் என்பதை அவள் தன் கையால் கண்டுகொள்ளட்டும். அச்சிட்ட படத்தின்மேல் கல்லை வைப்பதைவிட, புள்ளி பிசகாமல் மாக்கோலம் இழைத்து, நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக ஒவ்வொரு கல்லாக, ஒரு மூச்சுக்கு ஒன்று என்று வைப்பது மனத்தை இன்னும் ஆழமாக ஒருமுகப்படுத்தும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஏழாவது கல்லை வைப்பதற்குள் என் தோள்கள் தாமே தளர்ந்துவிடுகின்றன. உங்கள் கணவரும் அவளோடு உட்காரட்டும். உட்காருவதற்கு முன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும். பன்னிரண்டு கற்களுக்கென்று ஒதுக்கிய பணம் அவருடைய அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போகட்டும்.

கேள்வி: கைக்கடிகாரம் குவார்ட்ஸ் கல்லால்தான் ஓடுகிறது, ஆகவே கல்லில் சக்தி உண்டு என்பதை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். இது சரியா?
— கல்லூரி மாணவர், மோல்மீன்

பதில்: தம்பி, பாதி உண்மையை வைத்து முழுப் பொருளையும் விற்கும் வாதம் இது. 1880ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். பின்னர் இதன் மறுதலையும் உறுதியாயிற்று. மின்னழுத்தம் கொடுத்தால் கல் மிக நுட்பமாக விரிந்து சுருங்கும். கடிகாரத்தினுள் இருக்கும் மெல்லிய குவார்ட்ஸ் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதுவே ஒரு வினாடி. ஆனால் அதை அதிர வைப்பது பேட்டரி. பேட்டரி தீர்ந்ததும் கல் அப்படியே இருக்க, கடிகாரம் நின்றுவிடுகிறது. கல் அங்கே தாளத்தைக் காக்கிறதே தவிர, சக்தியைத் தரவில்லை. துணியின்மேல் யாரும் அழுத்தாமல் கிடக்கும் கல்லில் அந்த மின்னேற்றமும் எழுவதில்லை.

குவார்ட்ஸை வியக்க வேறு காரணங்கள் உண்டு. குவார்ட்ஸின் தெளிந்த வகையே ஸ்படிகம்; நன்கு விளைந்த ஒன்றைக் கையில் எடுத்து அதன் ஆறு பக்கங்களையும் தடவிப் பாருங்கள். எந்த மலையில் எடுத்ததாயினும், பெரிதாயினும் சிறிதாயினும், அடுத்தடுத்த இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 120 பாகைதான். உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கு வெளியே முகமாகத் தெரிகிறது. கோணம் மாறாத இந்த ஒழுங்கை டென்மார்க் அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சன் 1669ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

கேள்வி: கட்டத்தில் வைக்கும் கற்களை மாதம் ஒருமுறை உப்புநீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்துச் சுத்திகரிக்க வேண்டும் என்கிறார்கள். கல்லை ஊறவைத்த நீரைக் குடிக்கவும் சொல்கிறார்கள். செய்யலாமா?
— இல்லத்தரசி, பீகு

பதில்: குடிக்க வேண்டாம். மாலகைட்டில் தாமிரமும் சின்னபாரில் பாதரசமும் கலீனாவில் ஈயமும் உள்ளன. கல்லின் இனம் உறுதியாகத் தெரியாதவர்கள் அதை ஊறவைத்த நீரை வாயில் வைப்பது ஆபத்து. உப்புநீரும் வேண்டாம். செலினைட் என்பது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும், நீரில் கிடந்தால் மெருகு போய்விடும். முத்து, பவளம், அம்பர் மூன்றும் இதையெல்லாம் தாங்காதவை. வெயிலில் வைத்தால் செவ்வந்திக்கல்லின் ஊதா மெல்ல வெளிறும். என் மேசை ஜன்னலோரம் இருந்த ஒரு கல் இப்போது சாயம்போன பட்டுத்துணிபோல் இருக்கிறது. ஸ்படிக உருண்டை வெயிலைக் குவித்துத் துணியில் தீயே மூட்டக்கூடும். மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

ஸ்படிக உருண்டை உண்மைக் கல்லா, கண்ணாடியா என்றும் கேட்டிருந்தீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடியை வைத்து, உருண்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தபடியே மெதுவாகத் திருப்புங்கள். உண்மைக் குவார்ட்ஸ் என்றால் ஏதோ ஒரு நிலையில் அந்த முடி இரட்டையாகத் தெரியும். எப்படித் திருப்பினாலும் ஒற்றையாகவே தெரிந்தால் அது கண்ணாடி.

கேள்வி: கட்டத்தின் நடுவில் வைக்கப் பாகந்துச் சுரங்கத்திலிருந்து வந்த ஜேடு என்னும் பச்சை நிறக் கல் வேண்டும் என்கிறார்கள். அங்கே மண்சரிவில் இறந்தவர்களை நினைத்தால் எனக்கு அந்தக் கல்லின் முன் கண்ணை மூடி உட்கார முடியவில்லை. இது என் பலவீனமா?
— இளைஞர், மாண்டலே

பதில்: பலவீனமன்று, தம்பி. அந்த உறுத்தலை அடக்கிவிட்டுச் செய்யும் தியானத்தைவிட, அதை மதித்து வேறு கல்லைத் தேடுவது நல்லது. 2015 நவம்பரில் கச்சின் மாநிலத்துப் பாகந்தில் சரிந்த கழிவு மண் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. 2020 ஜூலை 2 அன்று, பருவமழையில் ஊறிய மண்மலை ஒன்று சுரங்கப் பள்ளத்து ஏரியில் சரிய, எழுந்த சேற்றலை 170க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகள் கொட்டிய கழிவில் துண்டுக் கல் தேடும் ‘யேமசே’ என்னும் கூலியற்ற ஏழைகள். கடையில் அந்தக் கல்லின் பச்சையைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

உங்கள் ஊரிலேயே ஐராவதி ஓடுகிறது. கோடையில் நீர் வற்றியதும் கரையோரக் கூழாங்கற்களில் வெள்ளையாகவும் சற்றே ஒளி ஊடுருவுவதாகவும் இருப்பதைப் பொறுக்கி, பழைய கண்ணாடிப் புட்டி ஒன்றில் அதன் முனையால் அழுத்திக் கீறுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்து, கல் மழுங்காமல் இருந்தால் அது பெரும்பாலும் குவார்ட்ஸ். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் ஸ்படிகத்தின் அதே பொருள், ஆறு உருட்டி வழவழப்பாக்கியது. ஒரே அளவில் ஏழு பொறுக்கிக்கொள்ளுங்கள்: நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு.