மகள் வெளியுறவுப் பணிக்குப் போகட்டுமா?

வணக்கம் அம்மா. மகள் ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வெளியுறவுப் பணி என்று சொன்ன நாளிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "நாடு நாடாய்ப் போகிற வேலையில் பொம்பளைப் பிள்ளை என்ன செய்வாள்?" என்று கேட்கிறீர்கள். சரி, என்ன செய்வாள் என்பதையே முதலில் பார்த்துவிடலாம்.

டெல்லியில் வெளியுறவு அமைச்சருக்குக் கீழே வெளியுறவுச் செயலர், அவருக்குக் கீழே மற்றச் செயலர்கள். அப்புறம் உலகத்தையே பிரிவு பிரிவாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நேபாளமும் பூடானும் ஒரு பிரிவு, இலங்கையும் மாலத்தீவும் வேறொரு பிரிவு. பெரும்பாலும் இணைச் செயலர் ஒருவர்தான் பிரிவுக்குப் பொறுப்பு. பிரதமர் ஒரு நாட்டுக்குப் புறப்படுகிறார் என்றால், அங்கே எதைக் கேட்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற குறிப்பு அந்தப் பிரிவில்தான் தயாராகும். அதற்கான தகவலை அந்த நாட்டிலுள்ள நம் தூதரகம் எழுதி அனுப்பும்.

தூதரகத்தில் இன்னொரு மேசையும் உண்டு. வளைகுடாவில் நம் ஊர்க்காரர் ஒருவர் இறந்துபோகிறார். மருத்துவமனைச் சான்று, போலீஸ் அறிக்கை, குடும்பத்தாரின் சம்மதக் கடிதம் எல்லாம் அந்த மேசைக்கு வரும். இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் உடல் விமானம் ஏறும். நிலுவைச் சம்பளத்துக்காக முதலாளியிடம் பேசுவதும் அங்கிருந்துதான். இந்தப் பணியில் நான் மிகவும் மதிப்பது அந்த மேசையைத்தான்.

பெண் என்ற கவலைக்கு வருகிறேன். சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி.முத்தம்மா, 1949-இல் இந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண். அன்றைய விதிப்படி பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வேண்டும். அவர் தொடுத்த வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சாடியது. 2001-இல் சொகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலர் ஆனார். ஆனால் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறும், பிள்ளைகளின் பள்ளியும் மாறும். உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் அவள் பக்கத்தில் இல்லாமல் போகலாம். இதை மகளிடம் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

யுபிஎஸ்சி என்ற மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுதான் வழி. முதன்மைத் தேர்வில் ஆங்கிலத் தாள் தவிர மற்றவற்றுக்குத் தமிழில் விடை எழுதலாம், நேர்முகத்தையும் தமிழில் எதிர்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் வரும் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தேர்வானதும் முசோரியில் பயிற்சி, பிறகு டெல்லியில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில். அரபி, சீனம், ரஷ்யன் போல ஒரு அயல்மொழியும் கட்டாயம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, மத்திய அரசு வேலைகளுக்காகப் பட்டதாரிகளுக்கு நடக்கும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு. அதில் வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்கிறவர்களுக்கும் வெளிநாட்டுப் பணி உண்டு.

இந்த வாரம் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். பாக் நீரிணை மீனவர் பிரச்சினையைப் பற்றி இந்தியத் தரப்பில் அரைப்பக்கம், இலங்கைத் தரப்பில் அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அக்கறையோடு எழுதுகிறாளா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாளோடு இருவரும் வாருங்கள், பேசுவோம்.