இடது டயர் மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறோம். சீசனுக்குக் கோடியக்கரைக்கும், படகில் வேலை வைக்க நாகப்பட்டினத்துக்கும் டிரெய்லரில் ஏற்றி பிக்கப்பில் இழுத்துப் போவோம். ஒற்றை ஆக்சில், இரண்டு சக்கரம், பட்டை (ஸ்பிரிங் தகடு அடுக்கு) வைத்த டிரெய்லர். இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிடுகிறது, வெளிப்பக்கம் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) புதுசு போல இருக்கிறது. வலது டயரில் ஒன்றுமே இல்லை. நான்கு மாதம் முன்பு இடது டயரை மாற்றினேன், அதுவும் அதே இடத்தில் தேய்ந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் காற்று குறைவு என்கிறார், பக்கத்துப் படகுக்காரர் டயர் மட்டம் என்கிறார், பட்டறையில் பாரம் அதிகம் என்கிறார்கள். காருக்குப் போடும் டயர்தான் மாட்டியிருக்கிறோம். போன வருடம் பட்டை உட்காரும் இடத்தைத் துரு தின்றுவிட்டதால் ஆக்சில் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தோம். மூன்றாவது டயர் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அளந்து பார்க்காமல் எத்தனை டயர் மாட்டினாலும் அதே இடத்தில்தான் தேயும்.

உங்களுக்குச் சொன்ன மூன்று காரணங்களையும் டயரே மறுக்கிறது. காற்று குறைந்தால் ஒரே டயரின் இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நிற்கும், காற்று அதிகமானால் நடு தேய்ந்து விளிம்பு நிற்கும், உங்களுடையது இரண்டும் இல்லை. மட்டமான டயர் சீக்கிரம் தேயும், அது சரி, ஆனால் இரண்டு வேறு டயர்கள் அச்சடித்த மாதிரி ஒரே இடத்தில் தேயாது. பாரம் அதிகமானால் ஆக்சிலின் இரு முனையும் மேல்நோக்கி வளையும், இரண்டு சக்கரமும் தலையை உள்ளே சாய்க்கும், அப்போது வலது டயரிலும் உள்விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். வலது டயர் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஆக, இடது சக்கரம் மட்டும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு ஓடுகிறது.

அது ஏன் சாய்கிறது என்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, பேரிங் லூஸ். முதலில் அதைப் பாருங்கள், செலவே இல்லை. ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்குங்கள், வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க மறக்க வேண்டாம். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் பேரிங்தான். அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் நேராக ஓடுகிறதா, கோணிக்கொண்டு ஓடுகிறதா என்று ஒரு குச்சியை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். கர கர என்று சத்தம் வந்தாலும் பேரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பேரிங் இறுக்கமாக இருந்தால் மிஞ்சுவது ஆக்சில். அதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன், காரணம் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வெல்டிங். இரும்பைப் பற்ற வைத்தால் பற்ற வைத்த இடம் ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் அந்தப் பக்கமாகவே கம்பியையும் குழாயையும் இழுக்கும். ஆக்சில் குழாயின் மேல்பக்கம் நீளமாக வெல்டிங் அடித்தால் அந்தப் பக்க முனை மேலே தூக்கும். முனை தூக்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், பாரமெல்லாம் உள்விளிம்பில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டயருக்குத் தெரியும். தேய்மானம் வெல்டிங்குக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். முன்பே இருந்தது என்றால் பெரிய பள்ளத்திலோ, படகுத் துறையின் கான்கிரீட் விளிம்பிலோ இடது சக்கரம் இறங்கி அடிபட்டிருக்கலாம், அதிலும் இதே மாதிரிதான் வளையும்.

சந்தேகத்தைத் தீர்க்கக் கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமதளம் வேண்டும், கடற்கரை மணலில் அளந்தால் வீண். ஊரில் சிமெண்டுக் களம், நெல் காயப்போடுகிற களம் இருந்தால் அதுவே போதும். படகையும் இன்ஜினையும் ஏற்றிய நிலையில் டிரெய்லரைக் கொஞ்ச தூரம் நேராக இழுத்து நிறுத்துங்கள், அப்போதுதான் பட்டை தன் இடத்தில் உட்காரும். டயரின் வயிற்றில் நூல் படாதபடி குண்டைச் சற்று வெளியே தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கு எவ்வளவு, கீழ் விளிம்புக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் இதையே செய்யுங்கள். வலது பக்கத்தில் மேலுக்கும் கீழுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்து (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு) இடது பக்கத்தில் மூன்று நான்கு நூல் இருந்தால் முடிந்தது, ஆக்சில் வளைந்திருக்கிறது. படகை இறக்கிவிட்டு இன்னொரு முறை அளங்கள். வெறும் டிரெய்லரிலும் இடது பக்கம் அதே சாய்வு என்றால் அது பாரத்தில் வருகிற வளைவு இல்லை, நிரந்தரமான வளைவு.

களத்தில் நிற்கும்போதே இன்னொரு அளவும் எடுங்கள். இரண்டு டயரின் நடுவிலும் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, குறி முன்பக்கம் இருக்கும்போது இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப் பிடித்து அளங்கள், டிரெய்லரை அரைச் சுற்று நகர்த்திக் குறிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளங்கள். ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சக்கரங்கள் உருளும்போதே பக்கவாட்டில் இழுபடுகின்றன. இழுபடுகிற டயரைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம், பட்டன் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஒரு பக்கம் ஓட்டினால் வழவழ, எதிர்ப்பக்கம் ஓட்டினால் ரம்பம் போலக் கீறும். அப்புறம் பிக்கப்பில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து இடது ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுக்குடம், பேரிங் இருக்கும் இடம்) வலது ஹப்புக்கும் தூரம் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் பட்டைகளை நடுவில் கோத்து ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். உப்புக்காற்றில் அந்த போல்ட் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும், வெளியே தெரியாது. ஒற்றை ஆக்சில் டிரெய்லரில் இந்தக் கோளாறு டயரைப் பெரிதாகத் தின்னாது, வண்டிதான் பிக்கப்புக்குப் பின்னால் நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து வரும். ஆனாலும் விடக்கூடாது, அடுத்தது ஆக்சிலைப் பட்டையோடு கட்டியிருக்கும் யூ போல்ட் போகும்.

வளைவு உறுதியானால் கேஸ் வைத்துச் சூடாக்கி அடித்து நேராக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடுபட்ட இடத்தில் இரும்பு பழைய பலத்தோடு இருக்கும் என்று நம்ப முடியாது, அதுவும் ஏற்கெனவே துரு தின்ற குழாய். ஆக்சிலையே மாற்றுங்கள். செலவுதான், ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும்போது இடது முனை முறிந்து சக்கரம் தனியே போனால் எதிரே பைக்கில் வருகிறவர் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். புது ஆக்சிலில் பட்டை உட்காரும் தகட்டைச் செய்கிற இடத்திலேயே வைத்து வாங்குங்கள், பிறகு அதன் மேல் எதையும் பற்ற வைக்க வேண்டாம்.

பாரம் காரணம் இல்லை என்றேனே தவிர, பாரம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கார் டயரின் பக்கச்சுவரில் அளவை அடுத்து இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அது 82 என்றால் அந்த டயர் தாங்குவது 475 கிலோ, இரண்டுக்கும் சேர்த்து 950 கிலோதான். படகு, இன்ஜின், ஐஸ் பெட்டி, நனைந்த வலை, டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். படகின் அடியில் மழைத்தண்ணீர் 100 லிட்டர் நின்றால் அதுவே 100 கிலோ. உப்பு லாரியும் நெல் லாரியும் ஏறுகிற எடைமேடையில் பிக்கப்பைக் கீழே நிறுத்தி டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேலே ஏற்றி ஒரு முறை எடை போடுங்கள். அதிகம் என்றால் சரக்கு வண்டிக்குப் போடும் கனமான டயருக்கு மாறுங்கள், ரிம்மும் அந்த பாரத்துக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் படகை இறக்குவோம். டிரெய்லர் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது. டயரும் திட்டுத் திட்டாகத் தேய்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும்போது தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். உப்புத் தண்ணீர் கலந்த கிரீஸ்தான் வெளுத்துப்போகிறது. பேரிங் அரித்து ஆட ஆரம்பித்ததும் சக்கரம் தத்தித் தத்தி ஓடும், டயரில் திட்டு விழும்.

மேலே புது கிரீஸை அடைத்து மூடிவிடாதீர்கள். பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் கறுப்புப் புள்ளியோ குழியோ இருந்தால் உள், வெளி இரண்டு பேரிங்கையும் கப்போடு (உருளைகள் ஓடும் வெளிவளையம்) மாற்றி, தண்ணீர் தாங்கும் கிரீஸ் அடைத்து, சீலையும் கட்டாயம் புதுசு போடுங்கள். சீல் உரசும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது, அதைத் தடவிப் பார்த்துவிடுங்கள். இனிமேல் துறைக்கு வந்ததும் படகை இறக்க அவசரப்படாமல் ஹப்பில் கை வைக்க முடிகிற அளவு சூடு தணியட்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஆக்சில், பட்டை, ஹப் எல்லாவற்றையும் கழுவுங்கள்.

கேள்வி: தரங்கம்பாடியில் இருக்கிறேன். டிரெய்லர் வருடத்தில் பாதி நாள் வெயிலில் நிற்கிறது. டயரில் பட்டன் நிறைய இருக்கிறது, பக்கச்சுவரில் மட்டும் மெல்லிய வெடிப்பு. இன்னும் ஓட்டலாமா?

பதில்: பட்டனை நம்பாதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அந்த வயதில் வெடிப்பும் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், பாரத்தோடு நெடுந்தூரம் போகவே வேண்டாம். புது டயர் போட்ட பிறகு, டிரெய்லர் சும்மா நிற்கும் மாதங்களில் ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், டயர் மேல் சாக்கு போட்டு மூடுங்கள். மறுபடி எடுக்கும்போது காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன்பு பிடிக்க வேண்டும்.