பதினான்காம் எபியில் நின்ற தொடர்

அன்புள்ள அக்கா,

இணையத்தில் ஒரு காதல் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் மூன்று எபி (எபிசோட்). பதினான்கோடு நிற்கிறது. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாதான். 'யூடி எப்போ', அதாவது அடுத்த பகுதி எப்போது என்று வாசகிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நகையெல்லாம் அடகில் கிடக்க, கதையில் முகூர்த்தப் பட்டு எடுப்பது எனக்கே பொய்யாகப் படுகிறது. சோகமாக முடித்துவிடலாமா? இல்லையென்றால் எப்படித் தொடர்வது?

— பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்குச் சிகிச்சை நல்லபடி நடக்கட்டும்.

சோகமாக முடிக்க வேண்டாம். காதல் தொடர் என்று சொல்லித் தொடங்கியபோதே இருவரும் சேர்வார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதை நம்பித்தான் வாசகி நடுவில் வரும் அழுகையையெல்லாம் பொறுத்துக்கொள்கிறாள். கஷ்ட காலத்தில் இதற்கு என்ன மதிப்பு என்றால், ஆங்கிலக் காதல் நாவலாசிரியை ஜார்ஜெட் ஹேயருக்கு வந்த ஒரு கடிதத்தைச் சொல்வேன். ருமேனியாவில் பன்னிரண்டு ஆண்டு அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண் எழுதியது. ஹேயரின் 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையை உடனிருந்த கைதிகளுக்கு வாயாலேயே சொல்லிச் சொல்லித்தான் எல்லோரும் மனம் பேதலிக்காமல் இருந்தோம் என்றார் அவர். 1944இல் வந்த நாவல் அது. இளம் தம்பதியரின் கலகலப்பான கதை. சிறைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உங்களுக்குப் பொய்யாகப் படுவது சந்தோஷம் அல்ல, அது வரும் வழி என்று நினைக்கிறேன். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலை 18 அன்று முடித்துத் தேதியும் போட்டார். அந்த மார்ச்சில்தான் அண்ணன் ஹென்றியின் வங்கி திவாலாகியிருந்தது. ஆஸ்டினுக்கும் உடம்பு சரியில்லை. முதலில் எழுதிய முடிவில், வேறொருவர் சொல்லியனுப்பிய கேள்வியோடு நாயகன் வருகிறான்: 'உங்களுக்கும் உங்கள் உறவினருக்கும் கல்யாணமாமே?' அவள் இல்லை என்கிறாள், சேர்ந்துவிடுகிறார்கள். ஆஸ்டினுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார். புது முடிவில், நம்பிக்கையே போன பிறகும் அன்பை விடாமல் வைத்திருப்பவர்கள் பெண்கள்தான் என்று நாயகி நண்பர் ஒருவரிடம் வாதாடுகிறாள். அதே அறையில் மேஜையில் எழுதிக்கொண்டிருக்கும் நாயகன் காதில் அது விழுகிறது. அங்கேயே அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். ஆகஸ்ட் 6இல் முடித்தார். கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு முடிவிலும் நடப்பது ஒன்றுதான். முதலாவதில் யாரோ ஒருவர் சேர்த்துவைக்கிறார். இரண்டாவதில் அவளே வாய் திறந்து பேசி, அவனே எழுதிச் சேர்கிறார்கள்.

நம் தொடர்களில் அந்த 'யாரோ' பெரும்பாலும் பணம். ஹீரோ ஒரே செக்கில் கடனை அடைக்கிறான், அடுத்த எபியில் நிச்சயதார்த்தம். அடகுச்சீட்டைக் கையில் வைத்துப் படிப்பவளுக்கு அங்கே கதை விட்டுப்போகும். கடன் அப்படியே இருக்கட்டும். அதைப் பற்றி அவனிடம் பேச அவளுக்கு இருந்த கூச்சம் மட்டும் தீரட்டும், போதும். கஷ்டத்தையும் 'பணக் கஷ்டம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிய தேதி, மாதச் சம்பளத்தில் கைக்கு வருவது, பஸ்ஸா ஆட்டோவா என்பது எழுத்தில் வரட்டும். கணக்குத் தெரிந்தால்தான் ஒருவர் செய்யும் சின்ன உதவியின் கனம் வாசகிக்குப் புரியும்.

வராந்தாவில் உங்களுக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொள்ளலாம். நோயாளியை அம்மாவாக வைக்காமல் தாய்மாமாவாக்கிவிடுங்கள், எழுதக் கை வரும். முதல் நாள் நாயகன் அன்பாக இளநீர் வாங்கி வருகிறான். பொட்டாசியம் ஏறிவிடும் என்று அவள் பதறித் தடுக்கிறாள். அடுத்த வாரம் அவன் கொண்டுவரும் டப்பாவில், பொட்டாசியம் குறைய நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்த காய். மாமாவைப் படியிறக்கும்போது ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்தது) போட்ட கையைப் பிடிக்காமல், பாரப் பையை வாங்கிக்கொண்டு மறுபக்கம் வந்து நிற்கிறான். அவளிடம் கேட்காமலேயே இதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறான். இதற்குப் பிறகு 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற வசனத்துக்கு அவசரமே இல்லை. ரோஜாப்பூவால் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

இனி எழுதும் நேரம். டயாலிசிஸ் பெரும்பாலும் நாலு மணி நேரம். ஊசி போட்டு, பிரஷர் பார்த்து, மெஷின் சீராக ஓடும் முதல் மணியில் எதுவும் எழுத முயலாதீர்கள். கடைசி மணியில் பிரஷர் இறங்கலாம், கால் பிடித்து இழுக்கலாம், அப்போதும் வேண்டாம். நடுவில் இருக்கும் இரண்டு மணிதான் உங்களுடையது, அதுவும் அம்மா நன்றாக இருக்கும் நாளில். அந்த நேரத்தில் முழுக் காட்சி எழுத உட்கார்ந்தால் பாதியில் அறுந்துபோகும். வசனத்தை மட்டும் போனில் தட்டுங்கள், 300 சொல் வந்தால் நிறைவு. யார் எங்கே நின்றார், என்ன புடவை என்பதை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். குரல் தட்டச்சு வேகம்தான். ஆனால் ர, ற மாறும், ஒற்று விழுந்துவிடும், பதிவிடும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

வாரம் மூன்று எபி இப்போது நடக்காது. வாரம் ஒன்று, 1200 சொல். நாலு எபி கையிருப்பு சேர்ந்த பிறகுதான் பதினைந்தைப் போடுங்கள். இருப்பு இல்லாமல் தொடங்கினால் ஒரு அட்மிஷனில் மறுபடி நின்றுவிடும். நின்று தொடங்கும் தொடரில் முதலில் சறுக்குவது உறவும் விளிப்பும். பதினான்கு எபியையும் வாசித்து ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: யாருக்கு எந்த ரகசியம் தெரியும், கதையில் இது என்ன மாதம், நாயகி எந்த எபியில் 'வாங்க'விலிருந்து 'வா'வுக்கு மாறினாள். இந்தக் கடைசி விஷயத்தை வாசகிகள் உங்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

தாள் தயாரானதும் கதையை ஒரு தோழிக்குப் பத்து நிமிடத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள். 'அதனால' என்று வரும் இடங்களில் கதை ஓடுகிறது. 'அப்புறம்', 'அப்புறம்' என்று அடுக்கினால் அந்த எபிகளில் ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து விழுகிறது என்று பொருள். நீளமான ஃபிளாஷ்பேக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை ஒரு பக்கமாக்குங்கள்.

தளத்தில் ஒரு சின்ன அறிவிப்பு போதும்: வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை, இந்தக் கிழமை முதல் வாரம் ஒரு எபி. நோயின் பெயரோ மன்னிப்போ தேவையில்லை.

முடித்ததும் அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போட்டு நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்தால், கேடிபி செலக்ட் என்ற அதன் தனியுரிமைத் திட்டத்தை இப்போதே கணக்கில் வையுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அதில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் 35தான். சேர்ந்தால் 90 நாள் தனியுரிமை, அந்த நாட்களில் தளத்தில் மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை மட்டுமே இருக்கலாம். எபிகளை எடுக்கப்போகும் தேதியை இரண்டு வாரம் முன்னதாகவே வாசகிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா