பாட்டுக்கு எதுக்குங்க ரேஷன் கார்டு?

கேள்வி: எங்கள் ஏரியாப் பையன் ஒருவன் மூன்று வருஷமாக ராப் பாடிக்கொண்டிருந்தான். தண்ணி லாரி, ஆலைப் புகை, வண்டியை மடக்கி மிரட்டும் போலீஸ் என்று எல்லாமே எங்கள் கதை. போன மாதம் அவனுக்கு சினிமாவில் ஒரு பாட்டு கிடைத்தது. கெத்து, மாஸ், வெறித்தனம் தவிர அதில் ஒன்றும் இல்லை. அதைத்தான் ஊரே தூக்கிவைத்து ஆடுகிறது. கூட்டம் சேர்ந்தால், மக்கள் பிரச்சினையைப் பேசும் கான்சியஸ் ராப் செத்துவிடும் என்கிறேன். இவனை இனிமேல் அசல் வடசென்னைக்காரன் என்று எப்படிச் சொல்வது?
– பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அவர் வடசென்னைக்காரரா என்பதை ரேஷன் கார்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நீங்கள் கேட்க வந்தது, நம்மை விட்டுப் போய்விட்டாரா என்று. அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. வருத்தத்துக்கு ‘அசல்’ என்று பெயர் வைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை.

ராப் பிறந்த இடத்துக்கே போவோம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். பார்ட்டிகளில் ரெக்கார்டு போடும் டிஜே கூல் ஹெர்க்கின் தங்கை, பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க நடத்திய பார்ட்டி அது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் டிக்கெட். சமூகத்தைத் திருத்த அங்கே யாரும் கூடவில்லை. காசு கொடுத்து ஆட வந்தார்கள்.

சரி, கான்சியஸ் ராப் எப்போது வந்தது? 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ பாட்டைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். உடைந்த கண்ணாடி கிடக்கும் ஏழைத் தெருவை அப்படியே கண்முன் வைத்த பாட்டு. ரெக்கார்டின் மேல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் அவர் குழுவும் என்று பெயர் போட்டிருக்கும். ஆனால் அந்தக் குழுவுக்கே பாட்டு பிடிக்கவில்லை. ஆட வருகிறவனிடம் போய் அழுவதா என்று தயங்கினார்கள். பெரும்பகுதியை எழுதியவர் ட்யூக் பூட்டீ, பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்காரர், ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டூடியோவில் வாத்தியம் வாசித்தவர். ராப் சொல்லும் குரல்கள் இரண்டு: ஒன்று அவருடையது, இன்னொன்று குழுவில் மெல்லி மெல்லுடையது. பிடிவாதமாக நின்று இதை வெளியே கொண்டுவந்தவர் கம்பெனி முதலாளியம்மா சில்வியா ராபின்சன். ஆக, உங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கான்சியஸ் ராப்பின் ஆதிப்பாட்டே போலி. வெளியூர்க்காரர் எழுதியது, முதலாளி தள்ளிவிட்டது, அட்டையில் பெயர் இருக்கும் குழுவில் ஒருவரைத் தவிர யாரும் ராப் சொல்லாதது. அப்படியிருந்தும் 2002ஆம் ஆண்டுக்கென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று போட்ட முதல் பட்டியலிலேயே அது இடம்பிடித்தது.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராப் பாடகர் ஜே-சி, நியூயார்க்கின் புரூக்ளினில் ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் முகவரியில் யாரும் குறை சொல்ல முடியாது. காசு இரட்டிப்பாக வேண்டும் என்றுதான் பாட்டின் சரக்கைக் குறைத்தேன் என்று 2003இல் தன் பாட்டிலேயே ஒப்புக்கொண்டார். முகவரி அசல், சரக்கு தண்ணி. முகவரியும் சரக்கும் ஒன்றாகவே போகும் என்று நீங்கள் நினைப்பதுதான் கோளாறு.

இதற்கு நேர் எதிரானதும் நம்ம ஊரிலேயே நடந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி 2015இல் ராப் பாடினார் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப். அவர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர் இல்லை. மொழியோ இங்கிலீஷ். மெட்டாவது சொந்தமா? அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜ் பாட்டின் மெட்டு, ஜனரஞ்சகத்தில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. மறு வருஷம் மார்ச்சில், ஆலையை நடத்திய யூனிலீவர் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. 2001இல் ஆலை மூடியதிலிருந்து போராடியவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான், அந்தப் பெருமை அவர்களுக்கு. ஆனால் சங்கதி கடல் தாண்டியது பாட்டால். காதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு இல்லாவிட்டால் எத்தனை பேர் கடைசி வரை கேட்டிருப்பார்கள்?

மெட்டு என்றதும் கானா ஞாபகம் வருகிறது. வெகுநாள் முன்பு புளியந்தோப்பில் ஒரு சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். இறந்தவர் பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர். டோலக் ஒன்று, தட்டுவதற்கு ஒரு சட்டி, பாடகர் ஒருவர். முதலில் பெரியவரின் புகழ் வந்தது, அதுவும் சினிமா மெட்டில். நடுராத்திரிக்கு மேல் மில்லில் பட்ட கஷ்டமும் ரேஷன் அரிசியில் கல்லும் வந்தன. மூணு மணிக்குக் கூட்டம் தூங்கி விழுந்தது. உடனே ஒரு குடிகாரன் பாட்டு, அழுதுகொண்டிருந்த மருமகளே சிரித்துவிட்டார். நடுநடுவே ரூபாய் நோட்டு சொருகினவர் பெயரைச் சேர்த்து இரண்டு வரி சோப்பு. ஒரே ராத்திரி, ஒரே வாய். எது கான்சியஸ், எது கமர்ஷியல் என்று அங்கே யாரும் கோடு போடவில்லை. போட்டிருந்தால் பாடகர் எழுந்து போயிருப்பார், “இன்னா நைனா, சோறு துண்ண வேணாமா?” என்று கேட்டுவிட்டு.

அந்த வழியில் வந்தவர்கள்தான் இன்றைக்கு மேடையில் நிற்பவர்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். ராயபுரத்து இசைவாணி அங்கே கானா பாடினார், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அதே குழுவில் ராப் சொன்ன அறிவு, அரக்கோணத்துக்காரர். வடசென்னை முத்திரை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா?

அறிவு கதையில் இன்னொன்றும் இருக்கிறது. 2021இல் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயோடு சேர்ந்து அவர் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகமெல்லாம் சுற்றியது. வரிகள் அவருடையவை, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர் பாட்டியின் கதை. கூட்டம் சேர்ந்ததால் அந்தக் கதை செத்ததா? கல்யாண வீட்டிலும் ஓடியது, குழந்தைகளும் பாடின, நிலம் யாருடையது என்ற கேள்வி உள்ளே அப்படியே இருந்தது. காணாமல் போனது எழுதியவர் முகம். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா என்ற இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், இன்னொரு ராப் பாடகர் இருந்தார், அறிவு இல்லை. சண்டை கிளம்பிய பிறகுதான் அவருக்கென்று தனி அட்டை போட்டார்கள். கூட்டம் சேரும் இடத்தில் நாம் முறைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: யார் பெயர் மேலே ஏறுகிறது, யார் பெயர் கீழே விழுகிறது. நீங்கள் முறைப்பது பாடினவரை.

உங்கள் ஏரியாத் தம்பியின் சினிமாப் பாட்டையும் இரண்டு முறை கேட்டேன். மட்டம். ‘கெத்து’ பதினோரு தடவை வருகிறது, எண்ணினேன். அவருடைய பழைய தண்ணி லாரிப் பாட்டில், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அம்மா வேலைக்கு ஓட, குடத்துக்குக் காவல் நிற்பதால் பையனுக்கு ஸ்கூல் லேட் ஆகும் ஓர் இடம் வரும். வரிசையில் நின்றவருக்குத்தான் அது வரும். அப்படி ஒரு வரிகூட இதில் இல்லை. பாட்டைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் ஹீரோ நுழையும் காட்சிக்கு எட்டு வரி கேட்டவர் டைரக்டர். நம் ஏரியா என்றாலே லுங்கியும் கத்தியும் போதும் என்று முடிவு செய்தவரும் அவரேதான். அவருடைய அசலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே, ஏன்?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த மூன்று வருஷப் பாட்டுகளுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்? நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. போனில் இலவசமாகக் கேட்டேன், நாலு பேருக்கு அனுப்பினேன், நம்ம பையன் என்று பெருமைப்பட்டேன். பீட் போட்டவருக்கும் ஸ்டூடியோவுக்கும் அவர்தான் காசு கொடுத்திருப்பார், எங்கேயோ வேலை பார்த்து. அவர் கையில் காசு வராத வரைக்கும் நமக்கு அவர் அசல். வந்ததும் சந்தேகம். நாம் கேட்பது பாட்டா, அவருடைய பட்டினியா?

அடுத்த முறை டீக்கடையில் பார்த்தால், பேசாமல் தாண்டிப் போகாதீர்கள். தண்ணி லாரிப் பாட்டை இரண்டாம் பாகம் எழுதுவதாகச் சொன்னாரே, என்னாச்சு என்று கேளுங்கள். அப்புறம், சினிமாக் கம்பெனி மிச்சப் பேமென்ட் கொடுத்துவிட்டதா என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து இன்னும் இல்லை.